இடது கால் பூட்ஸ்

நாத்தனார் என்றால் குறை சொல்லவேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நான் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. அதனால் என் அண்ணியைப் பற்றிய குறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாற்பதைத் தாண்டிய, வெளியூர்க் காலேஜில் படிக்கிற பெண்ணுக்குத் தாயான, ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற ஒரு மனிதருக்கு மனைவியான என் அண்ணி, சாயங்காலமானால் நான்கு சக்கரம் வைத்த பலகையில் ஏறிக்கொண்டு, என் அண்ணனின் பூட்ஸைத் தாண்டிக் குதிக்க முயன்றுகொண்டிருந்தார். அதுவும் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே, நாலு பேர் பார்க்க.

முயன்றுகொண்டிருந்தார் என்றுதான் சொன்னேன். தாண்டினார் என்று சொல்லவில்லை.

அண்ணிக்கு ரயில் நிலையத்து நடைபாலத்துக்கு அடியில் ஒரு கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நின்றுதான் பேச முடியும். ஒரு பக்கம் சாவி நகலெடுக்கிற மெஷின். மறு பக்கம் ஷூவைக் கவிழ்த்து மாட்டுகிற இரும்பு அச்சு, பசை டப்பா, தோல் துண்டுகள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களின் ஹீல்ஸ் உடையும். ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் வீட்டுச் சாவியைத் தொலைத்திருப்பார்கள். ஆக, வியாபாரத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணி குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வார். தனக்கு மனிதர்களின் முகத்தைவிடக் கால்தான் அதிகம் அடையாளம் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அப்படி வந்த கால்களில் சில, அண்ணியைக் கோபப்படுத்த ஆரம்பித்தன. வாரத்துக்கு இரண்டு மூன்று ஷூ ஒரே இடத்தில் கிழிந்து வந்தது. ஜோடியில் ஒன்றுதான் கிழிந்திருக்கும், பெரும்பாலும் இடது. அதிலும் சுண்டுவிரலுக்கு மேலே, வெளிப்பக்கமாக. நடந்து தேய்ந்தால் அடியில்தான் தேயும். இது மேலே உரசித் தேய்ந்திருந்தது. அண்ணி தோல் துண்டு வைத்து ஒட்டிக் கொடுப்பார். அடுத்த மாதம் அந்தத் துண்டும் தேய்ந்து திரும்பி வரும். தன் வேலையை யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. ஒரு நாள் ஷூ கொண்டுவந்த ஆளை நிறுத்திவைத்து, இதை எங்கே கொண்டுபோய்த் தேய்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

அந்த ஆள்தான் மீசை. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, முப்பது வயதிருக்கும், முகத்தில் பாதி மீசை. அவர் பதில் சொல்லாமல் தோளில் மாட்டியிருந்த ஸ்கேட்போர்டைக் கீழே போட்டார். பலகையின் மேல்பக்கம் முழுக்க உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தது. அதில் ஏறி உருண்டு வந்தவர், பின்காலால் பலகையின் வாலை ஓங்கி மிதித்தார். முன்காலை அந்தச் சொரசொரப்பின் மேல் உரசி மேலே இழுத்தார். ஆளும் பலகையும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கின. கையால் பிடிக்கவில்லை, கயிறு கட்டவில்லை. இதற்கு ஆலி என்று பெயர், மற்ற வித்தைகளுக்கெல்லாம் இதுதான் அரிச்சுவடி, இந்த உரசலில்தான் ஷூ போகிறது என்று விளக்கினார்.

கிழிசலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது, பசையை எடுத்தோமா ஒட்டினோமா என்று இருந்திருக்கலாம். அண்ணி இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னாராம். இரண்டாவது தடவை முடிவதற்குள் ரயில் நிலையத்துக் காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். மீசை பலகையை வாரிக்கொண்டு ஓடினார். மறுநாள் ஷூவை வாங்க வந்தபோதுதான் அவர்கள் கஷ்டம் தெரிந்தது. எங்கே போனாலும் துரத்துகிறார்களாம். ரயில் நிலையத்துப் படிகளில் காவலாளி. பேங்க் வாசலில் நாய். கடைவீதியில் இருந்த நல்ல கல் திட்டுகளின் விளிம்பு முழுக்க இரும்புக் குமிழ் அடித்துவிட்டார்கள். வழுக்கிச் செல்ல ஒரு முழம் இடமில்லை என்று அவர் புலம்ப, அண்ணி தோலை வெட்டிக்கொண்டே, எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தொட்டி காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிவைத்தார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

எங்கள் குடியிருப்பு இரண்டு கட்டடங்கள், எதிரும் புதிருமாக. நடுவில் முற்றம். முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய வட்டத் தொட்டி. ஒரு காலத்தில் நீரூற்றாக இருந்ததாம். நாங்கள் குடிவந்தபோதே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஓரமெல்லாம் சாய்ந்து இறங்கி, ஒரு ராட்சசக் கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ளே காய்ந்த இலையும் பாட்டில் மூடியும். மீசையும் அவர் கூட்டாளிகளும் வந்து அதைப் பெருக்கிக் கழுவிய அழகைப் பார்த்து, துப்புரவு வேலைக்குத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டார் நினைத்தார்கள். வெளியாட்கள் முற்றத்தில் இருக்கவேண்டுமானால் குடியிருப்பவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. அதனால் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் அண்ணி தொட்டி விளிம்பில் போய் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்தவர் எத்தனை நாள்தான் வேடிக்கை பார்ப்பார்? ஒரு நாள் பலகையின் மேல் நின்று பார்த்தார். பலகை முன்னே போயிற்று, அண்ணி பின்னே போனார். இடுப்பில் தைலம் தேய்த்தது நான்.

நான் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிப் பேச இது இடமுமில்லை. மெஷின் ஜன்னலோரம் இருப்பதால் தொட்டியில் நடப்பதெல்லாம் என் கண்ணில் பட்டே தீரும். பார்க்கக் கூடாது என்றுதான் இருப்பேன். நூல் கோக்கும்போது பார்வை தானாகப் போகும். சில நாள் காற்று வாங்குகிற சாக்கில் கீழேயும் போவேன்.

அங்கே எனக்குப் பேச்சுத் துணை பல் டாக்டர். பல் மருத்துவம் படிக்கிற பெண். ஸ்கேட்போர்டில் முதலில் உடைத்தது தன் பல்லைத்தான், அதனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இந்த விளையாட்டின் கதையை எனக்குச் சொன்னவள் அவள்தான். ஆரம்பத்தில் பிள்ளைகள் பழைய சக்கரக் காலணியைப் பிரித்து, சக்கரத்தைப் பலகையில் ஆணியடித்து ஓட்டினார்களாம். பிறகு களிமண் கலந்த சக்கரம் வந்தது. ஒரு சின்னக் கூழாங்கல் குறுக்கே வந்தால் போதும், பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பார். அப்புறம்தான் தரையைக் கவ்விப் பிடிக்கிற பிளாஸ்டிக் சக்கரம். அந்தச் சமயம் பார்த்து எங்கோ ஒரு சீமையில் மழை பொய்த்து, வீட்டு நீச்சல் குளங்களெல்லாம் காலியாகக் கிடக்க, இவர்கள் சுவரேறிக் குதித்துக் குளத்துக்குள் இறங்கி ஓட்டியிருக்கிறார்கள். ஆக, தண்ணீர் வற்றுகிற இடத்திலெல்லாம் இந்தக் கூட்டம் முளைக்கும் போலிருக்கிறது என்றேன். பல் டாக்டர் அதை மீசையிடம் சொல்லி, மீசை எல்லாரிடமும் சொல்லி, நான் ஏதோ பெரிய தத்துவம் பேசிவிட்ட மாதிரி எனக்கு ஒரு பழைய பலகையை ஆசனமாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

பார்க்கப் பார்க்க அவர்களுக்குள் சில ஒழுங்குகள் இருப்பது புரிந்தது. யாரும் வரிசை போட மாட்டார்கள், ஆனால் அடுத்து யார் என்பது எல்லாருக்கும் தெரியும். பலகை காலைவிட்டு நழுவிப் பறந்தால், விழுந்தவர் வலியில் கத்துவதற்கு முன்னால் "பலகை" என்று கத்துவார், மற்றவர் முழங்காலுக்கு ஆபத்தில்லாமல். உடைந்த பலகையைத் தூக்கிப் போட மாட்டார்கள். அண்ணியின் கடையில் சாவிகள் தொங்குவதே அப்படி உடைந்த ஒரு பலகையில்தான். எல்லாவற்றுக்கும் மேலே, இவர்கள் கைதட்ட மாட்டார்கள். யாராவது நன்றாக ஒன்றைச் செய்தால், அல்லது நன்றாக முயன்று விழுந்தால்கூட, அவரவர் பலகையை நிமிர்த்திப் பிடித்து அதன் வாலால் தரையில் அடிப்பார்கள். டப், டப், டப். நாலைந்து பேர் சேர்ந்து அடித்தால் இரண்டு கட்டடத்துச் சுவரிலும் மோதித் திரும்பும். அதுதான் மரியாதை. அதைவிடப் பெரிய மரியாதை அவர்களிடம் கிடையாது.

அண்ணி மெல்ல மெல்ல நிற்கக் கற்றார், உருளக் கற்றார், கிண்ணத்தின் சரிவில் இறங்கி ஏறக் கற்றார். இடையில் ஒரு மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் பாதி நாள் ரயிலில் இருப்பவர், மீதி நாள் தூங்குபவர். ஆலி மட்டும் அண்ணிக்குப் படியவில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் தரையில் ஒரு ஷூவை வைத்து அதைத் தாண்டவேண்டும் என்பது அந்தக் கூட்டத்து வழக்கம். அவரவர் ஷூவைக் கழற்றி வைப்பார்கள். அண்ணி அண்ணனின் பழைய கறுப்பு பூட்ஸ் ஜோடியிலிருந்து இடது கால் பூட்ஸைக் கொண்டுபோய் வைத்தார். ஏன் அண்ணி, வேறு ஷூவே கிடைக்கவில்லையா, ஒரு கடை நிறைய இருக்கிறதே என்று கேட்டேன். அதெல்லாம் அடுத்தவங்க ஷூ என்றார். அண்ணன் சில நாள் ஒற்றை பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் என்றாலும் சில நேரம் கட்சி மாறத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் மாடி நர்ஸ்.

எங்கள் தலைக்கு மேல் வீடு அவருடையது. தனி ஆள், ஆஸ்பத்திரியில் இரவு வேலை. விடியற்காலை வந்ததும் ஒரு மர ஸ்டூலைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போவார். அந்தக் கரகரப்பு எங்கள் கூரை வழியாக நேராக என் மண்டைக்குள் இறங்கும். எத்தனையோ நாள் சண்டைக்குப் போகலாம் என்று எழுந்து, போகாமல் படுத்திருக்கிறேன். கடைசியில் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தது நான் இல்லை, அவர். சங்கத் தலைவர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவருக்கு அந்தத் தொட்டியை மண்போட்டு நிரப்பிப் பூச்செடி வைக்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. உடனே கூட்டம் கூட்டிவிட்டார்.

கூட்டம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு எதிரே. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மீசையும் பல் டாக்டரும் மற்றவர்களும் நல்ல சட்டை போட்டு, தலை வாரி, பின்னால் அமைதியாக நின்றார்கள். வேலையிலிருந்து நேராக வந்ததால் பலகைகள் கையில் இருந்தன.

நர்ஸ் எழுந்து பேசினார். அவர் கத்தவில்லை, அதுதான் என்னைத் தொட்டது. காலையில் வந்து சமைத்து, துவைத்து முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் படுக்கிறேன், ராத்திரி டூட்டிக்கு முன்னால் எனக்குக் கிடைக்கிற தூக்கம் அது ஒன்றுதான் என்றார். சக்கரம் உருளுகிற சத்தம் பழகிவிட்டது, அது என்னை ஒன்றும் செய்வதில்லை என்றார். "ஆனா திடீர்னு எல்லாரும் சேர்ந்து தரையில அடிக்கிறாங்க பாருங்க, அப்ப எனக்கு வார்டுல யாரோ கட்டில்லேர்ந்து விழுந்துட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் எழுந்து உக்கார்றேன். எந்தப் படுக்கைன்னு தேடுறேன். அப்புறம்தான் என் வீடுன்னு புரியும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த அமைதியில், பின்னாலிருந்து, டப்.

முதலில் அடித்தது மீசை. அவரைத் தொடர்ந்து பல் டாக்டர். அப்புறம் எல்லாரும். டப், டப், டப் என்று அந்தக் குறுகலான இடமே அதிர்ந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் குறும்பு இல்லை, கண் கலங்கியிருந்தார்கள். இவ்வளவு நன்றாகப் பேசிய ஒருவருக்குத் தங்களிடம் இருந்த ஒரே மரியாதையைக் கொடுத்துவிட்டார்கள். எந்தச் சத்தத்தால் தூக்கம் போகிறது என்று அந்த அம்மா சொன்னாரோ, அதே சத்தத்தை அவர் முகத்துக்கு நேரே. அடித்து முடித்த பிறகுதான் பல் டாக்டருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் குதித்து எழுந்தார். மிரட்டுகிறீர்களா, குடியிருப்பவர்கள் முன்னாலேயே ரவுடித்தனமா என்று கேட்டார். அண்ணி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். யார் காதிலும் ஏறவில்லை. நர்ஸ் யாரையும் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார். கைகள் உயர்ந்தன. தொட்டியில் மண் போடுவது என்று தீர்மானம் ஆயிற்று, லாரிக்கும் சொல்லியாயிற்று.

அன்றைக்கு வீட்டில் அண்ணி சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளூர நிம்மதி என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். போகட்டும் அண்ணி, இடுப்பாவது தப்பித்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாள் பூரா அடுத்தவங்க நடந்து தேச்சதைக் குனிஞ்சு சரி பண்றேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் ஏதாவது சரி பண்ண இருக்கும். அந்தத் தொட்டியில மட்டும்தான் யாருக்கும் எதையும் சரி பண்ணித் தர வேண்டாம். விழலாம், எந்திரிக்கலாம், அவ்வளவுதான். அதையும் மண்ணைப் போட்டு மூடிட்டா எங்கே போறதுன்னு எனக்குத் தெரியல."

எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சரி எழுந்திருங்கள், மாடிக்குப் போய் அந்த அம்மாவிடமே பேசுவோம் என்று அதட்டினேன். அன்று ராத்திரி அவருக்கு லீவு என்பது, ஸ்டூல் சத்தத்தை வைத்தே நாள் கணக்குச் சொல்கிற எனக்குத் தெரியாதா?

நர்ஸ் கதவைப் பாதி திறந்து நின்றார். அண்ணி வளைத்துப் பேசத் தெரியாதவர். அது மிரட்டல் இல்லை, கைதட்டல் என்று நேராகச் சொன்னார்.

"நான் அவங்களைக் குத்தம் சொன்னதுக்கா கைதட்டினாங்க?"

"குத்தம் சொன்னதுக்கு இல்ல சிஸ்டர். கஷ்டமான ஒண்ணைப் பயப்படாம செஞ்சீங்க. யார் செஞ்சாலும் தட்டுவாங்க. நான் விழுந்தப்பவும் தட்டினாங்க. யோசிக்கிறதுக்குள்ள கை அடிச்சிடுச்சு, அதுதான் நடந்தது."

நர்ஸ் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவை முழுதாகத் திறந்தார். ஆபரேஷன் முடிந்து, நாள்கணக்கில் படுத்திருந்தவர் முதல் தடவை எழுந்து வார்டு வாசல்வரை நடப்பார், அப்போது எனக்குக் கத்தவேண்டும் போலிருக்கும், ஆனால் மற்றவர்கள் தூங்குவார்கள், சத்தம் போடாமல் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போவேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியிருந்தது. நான் உட்கார இடம் தேடினேன். அந்த மர ஸ்டூல்தான் கிடைத்தது. இத்தனை நாள் என் மண்டைக்குள் ஓடிய ஸ்டூல். அதில் உட்கார்ந்துதான் விடியற்காலையில் அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வாராம்.

மறுநாள் சாயங்காலம் நர்ஸ் இறங்கி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். யாரும் பலகையால் அடிக்கவில்லை. ஒருவர் ஒன்றைச் செய்து முடித்தால், மற்றவர்கள் பலகையைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். நர்ஸ் வித்தையைப் பார்க்கவில்லை, விழுகிறவர்களின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை ஒரே விளிம்பில் ஏற முயன்று திரும்பத் திரும்பச் சறுக்குவதையும், ஒவ்வொரு தடவையும் துடைத்துக்கொண்டு எழுவதையும் பார்த்தார். கிளம்பும்போது பேசினார்.

"எல்லாத்துக்கும் தட்டினா அது வெறும் சத்தம். ஒருத்தர் முதல் தடவையா ஒண்ணைச் செய்றப்ப மட்டும் தட்டுங்க. அதுக்கு நான் தூக்கத்துலேர்ந்து எந்திரிக்கிறேன். ஆனா யாருன்னு மறுநாள் எனக்குச் சொல்லணும்."

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கிவிட்டால் அவர் என்ன செய்வார்? லாரியும் மண்ணோடு வந்து நின்றுவிட்டது. மானம் போகாமல் இருக்க, வாசல் கேட்டுக்கு இரு புறமும் பாத்தி கட்டத்தான் மண் சொன்னேன் என்று ஒரே போடாகப் போட்டார். மீசையின் ஆட்கள்தான் மண்ணை அள்ளிப் போட்டார்கள். செடிகள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன, அதையும் சொல்லவேண்டும்.

அதற்குப் பிறகு முற்றம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு சாயங்காலத்துக்குப் பத்து இருபது தடவை கேட்ட அந்த அடி, இப்போது சில நாள் ஒன்று, பல நாள் ஒன்றுமில்லை. கேட்டால் எதிர்க்கட்டடத்தில்கூட ஜன்னல் திறக்கும். பல் டாக்டர் கிண்ணத்தின் உச்சியிலிருந்து நேராக இறங்கிய அன்று கேட்டது. மீசை அந்த விளிம்பில் கடைசியில் ஏறிய அன்று கேட்டது. அன்று அவர் மீசை நனைந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். விடிந்ததும் நர்ஸ் மாடிப்படியில் அண்ணியை நிறுத்தி, நேற்று யார் என்று விசாரிப்பார். அண்ணி சொல்வார். உங்களுடையது எப்போது என்று அடுத்த கேள்வி வரும். அண்ணி சிரித்து மழுப்புவார்.

மழுப்பத்தான் வேண்டியிருந்தது. கிண்ணத்துக்குள் அண்ணி செய்யக்கூடியதெல்லாம் பழையதாகிவிட்டது, புதிதாக மிச்சமிருந்தது அந்த பூட்ஸ் ஒன்றுதான். அது அசைந்து கொடுப்பேனா என்றது. ஒரு நாள் முன்சக்கரம் தாண்டிவிட்டது. சுற்றியிருந்த பலகைகள் எல்லாம் உயர்ந்துவிட்டன. பின்சக்கரம் பூட்ஸின் கழுத்தில் இடித்து, அண்ணி குப்புற விழுந்தார். உயர்ந்த பலகைகள் சத்தமில்லாமல், பூப்போலத் தரைக்கு வந்தன. அதை மேலிருந்து பார்த்த எனக்கு, அடித்தே தொலைத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று ராத்திரி தைலம் தேய்க்கும்போது, விட்டுவிடுங்களேன் அண்ணி, வயது என்று ஒன்று இருக்கிறது என்று மறுபடியும் குறை பாடினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ தைக்கிற திரை நேரா வரலைன்னா பிரிச்சுத் தைக்கிறியா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

அந்த நாளில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அண்ணன் டூட்டி முடிந்து வந்து உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு ஹோட்டலுக்கான நீளத் திரைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். பாபினில் நூல் தீர்ந்து, மெஷினை நிறுத்தினேன். கீழே சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பலகையின் வால் தரையில் ஒரு தடவை மோதியது. அப்புறம் ஒன்றுமே இல்லை, ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடி சக்கரங்கள் தரையைத் தொட்டன. உருண்டன. உருண்டுகொண்டே போயின. யாரும் "பலகை" என்று கத்தவில்லை.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போவதற்குள் இடி இறங்கிவிட்டது. டப், டப், டப், டப். இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்கே தீர்த்துவிடுவது மாதிரி அடித்தார்கள். மீசை தன் பலகை உடைந்துவிடுமோ என்றுகூடப் பார்க்கவில்லை. நடுத் தொட்டியில் அண்ணனின் இடது கால் பூட்ஸ் விழாமல், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அண்ணி பலகையின் மேலேயே நின்று, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புடவைக் கடை பொம்மை மாதிரி விறைத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கும்தான். சும்மா சொல்லக் கூடாது, விக்கி விக்கி அழுதேன்.

அப்போது என் தலைக்கு மேலே பால்கனிக் கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு யாரோ நடந்து வரும் காலடி. கொஞ்சம் நிதானம். பிறகு ஸ்டூல். இழுக்கவில்லை. தூக்கி, தரையில் ஒரு அடி. இன்னொரு அடி. கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி என் ஹோட்டல் திரையின் மேல் உதிர்ந்தது.

என்னிடம் பலகையும் இல்லை, ஸ்டூலும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். வாசலில் செருப்பு அடுக்குகிற தட்டில், ஜோடியைப் பிரிந்து இத்தனை காலம் தூசி படிந்து கிடந்த வலது கால் பூட்ஸ் கண்ணில் பட்டது. ஓடிப்போய் எடுத்துவந்து, அதன் குதிகாலால் ஜன்னல் கட்டையில் என் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். அண்ணன் எழுந்து ஓடிவந்து, என்ன ஆச்சு, யார் விழுந்தது என்றார். யாரும் விழவில்லை, தூங்கு என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தேன்.

இருட்டின பிறகு அண்ணி மேலே வந்தார். பலகையைச் சுவரில் சாய்த்தார். கையில் இருந்த இடது கால் பூட்ஸைத் துணியால் துடைத்து, தட்டில் அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தார். வலது பூட்ஸின் குதிகால் புதிதாக நசுங்கியிருப்பதை அவர் கண் விடுமா? எடுத்து, திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அந்த வலது பூட்ஸைக் காலையில் கடைக்கு எடுத்துப்போகிற பையில் போட்டு, புதுக் குதிகால் வைக்கவேண்டும் என்றார்.